பரிமாறுவதா, சமைப்பதா? பிள்ளைக்கு டிஜே மென்பொருளும் இசைத் தயாரிப்பு மென்பொருளும்

"பத்து வயசுப் பொண்ணு, மியூசிக்ல ரொம்ப ஆர்வம். எந்த சாஃப்ட்வேர் போட்டுத் தரலாம்?" இந்தக் கேள்விக்கு ஒருவர் விர்ச்சுவல் டிஜே என்பார், இன்னொருவர் எஃப்எல் ஸ்டுடியோ என்பார், மூன்றாமவர் ஆடாசிட்டி என்பார். மூன்றுமே நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் மூன்றும் செய்வது மூன்று வேறு வேலைகள். பாட்டை மாற்றி மாற்றிப் போட்டு ஆட வைக்க ஆசைப்பட்ட பிள்ளையின் முன்னால் காலிக் கட்டங்கள் நிறைந்த திரை வந்து நிற்கும். சொந்தமாக ஒரு பீட் கட்ட நினைத்த பிள்ளைக்கு இரண்டு தட்டுகள் சுழலும் படம் கிடைக்கும். ரெண்டே நாளில் மூடி வைத்துவிடும். "அவளுக்கு அவ்வளவுதான் ஆர்வம்" என்று முடிவும் கட்டிவிடுவார்கள்.

பெயர்களைப் பட்டியல் போடுவதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பந்தியும் சமையற்கட்டும்

கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். அவர் எதையும் சமைப்பதில்லை. ஆனால் சாம்பார் முடியும் நேரத்தில் ரசம் வந்து நிற்கும், எந்த இலையும் காலியாகாது. அவருடைய கைத்திறமை முழுவதும் வரிசையிலும் நேரத்திலும் இருக்கிறது. டிஜே செய்வது இந்த வேலை. ஏற்கெனவே பதிவாகி முடிந்த பாட்டுகளை, ஒன்று ஓயும்போது அடுத்தது நழுவி வந்து சேரும்படி ஒட்டுவது.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்தைத்தான் ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்வார்கள். அங்கே தட்டு சுழற்றியவர் கூல் ஹெர்க். பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் துள்ளுகிறது என்று கண்டுகொண்டு, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றதில் அதே இடத்தைத் தொடங்கி நீட்டிக்கொண்டே போகும் முறையை வளர்த்தவர் அவர். இன்று எல்லா டிஜே மென்பொருளிலும் இருக்கும் 'லூப்' பொத்தான் அந்தக் கைவேலையைத்தான் செய்கிறது.

தயாரிப்பு என்பது சமையற்கட்டு. காலிப் பாத்திரத்தில் தொடங்கி டிரம்ஸ், பேஸ், மெட்டு, குரல் என ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாட்டையே உண்டாக்குவது. இதற்கான மென்பொருளுக்கு டிஜிட்டல் ஆடியோ ஒர்க்ஸ்டேஷன் என்று பெயர்; ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'டா' என்பார்கள். ஆடாசிட்டி இந்த இரண்டிலும் சேராது. அது ஒலியை வெட்டி ஒட்டும் கத்திரிக்கோல். வீட்டில் இருக்கட்டும், பாடத்தை அதில் தொடங்க வேண்டாம்.

சுருக்கமாக: முடிந்த பாட்டுகளைக் கோப்பது டிஜே மென்பொருள். இல்லாத பாட்டை உண்டாக்குவது டா. பிள்ளை எதைச் செய்ய ஆசைப்படுகிறது என்று முதலில் கேளுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து நடப்பது

டிஜே மென்பொருளில் இரண்டு 'டெக்' இருக்கும். டெக் என்றால் ஒரு பாட்டை ஏற்றி ஓட்டும் இடம். நடுவில் இருக்கும் கிடைமட்டத் தள்ளுகோல், கிராஸ்ஃபேடர். இடப்பக்கம் தள்ளினால் இடது டெக் கேட்கும், வலப்பக்கம் தள்ளினால் வலது டெக் கேட்கும், நடுவில் நின்றால் இரண்டும் கேட்கும்.

இரண்டு பாட்டு ஒரே நேரத்தில் ஒலித்தும் கூச்சலாகாமல் இருக்க மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும். இரண்டு பேர் தோளோடு தோள் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது வேகம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்பதை பி.பி.எம். என்பார்கள். 120 என்றால் அரை விநாடிக்கு ஓர் அடி. இடது டெக்கில் 120, வலது டெக்கில் 126 இருந்தால், வலது டெக்கின் வேகத் தள்ளுகோலை ஏறக்குறைய 4.8 சதவீதம் குறைக்க வேண்டும். பழைய டேப்பை மெதுவாக ஓட்டினால் குரல் தடிப்பதைப் போல, வேகத்தோடு சுருதியும் இறங்கும். 6 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சுரஸ்தானம். இறங்காமல் பிடித்து நிறுத்தும் பொத்தானுக்குக் கீ லாக் என்று பெயர். அதை அழுத்தியே வைத்திருங்கள்.

இரண்டாவது கால் சேர்வது. இருவரும் ஒரே வேகத்தில் நடந்தாலும் ஒருவர் கால் பாதி அடி தள்ளி விழலாம். அப்போது 'டும்' என்று ஒன்றாகக் கேட்க வேண்டியது 'டு-டும், டு-டும்' என்று கேட்கும். தட்டின் ஓரத்தை விரலால் லேசாக முன்னோ பின்னோ தள்ளிச் சரிசெய்வதை நட்ஜ் என்பார்கள். பிள்ளைகள் இங்கே வழக்கமாகச் செய்யும் தவறு, நட்ஜ் செய்ய வேண்டிய இடத்தில் வேகத் தள்ளுகோலைத் தொடுவது. அந்த நொடிக்குச் சரியாகிவிடும், பத்து விநாடியில் மறுபடி விலகும். கேட்கும்போதே மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போனால் வேகம் தப்பு. விலகிய தூரம் மாறாமல் அப்படியே நின்றால் கால்தான் தப்பு. இந்த ஒரு வித்தியாசம் காதுக்குப் பிடிபட்டால் பாதி டிஜே பாடம் முடிந்த மாதிரி.

மூன்றாவது, எந்த இடத்தில் நுழைவது. சுழலும் கயிற்றுக்குள் குதிக்கிற பிள்ளை கண்டபடி குதிக்காது, கயிறு தரையைத் தட்டும் நேரம் பார்க்கும். ஆட்டப் பாட்டுகள் பெரும்பாலும் 4 அடி சேர்ந்து ஒரு பார், 8 பார் சேர்ந்து ஒரு பகுதி என்று கட்டப்பட்டிருக்கும். அதாவது 32 அடிக்கு ஒருமுறை ஏதாவது மாறும். 120 வேகத்தில் அது 16 விநாடி. அடுத்த பாட்டை அந்தத் தொடக்கத்தில் விட்டால், இரண்டு பாட்டும் பேசி வைத்துக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

சிங்க் பொத்தான்: ஏமாற்று வேலையா?

வேகத்தையும் காலையும் மென்பொருளே பொருத்திவிடும் பொத்தான்தான் சிங்க். அதைத் தொட்டாலே கலை செத்துவிடும் என்று பேசுகிறவர்கள் உண்டு. முதல் நாளில் பிள்ளை அதைத் தாராளமாகப் போடலாம். எங்கே நுழைவது என்ற சுவை முதலில் தெரியட்டும். வேகம் பொருத்துவதிலேயே மாட்டிக்கொண்ட எட்டு வயதுப் பிள்ளை 32 அடி எண்ணும் கட்டத்துக்கு வருவதே இல்லை.

அடுத்த கட்டத்தில் அதை அணைக்கத்தான் வேண்டும். காரணம், சிங்க் பாட்டைக் கேட்பதில்லை. மென்பொருள் ஒவ்வொரு பாட்டிலும் டிரம் அடி விழும் இடங்களைத் தேடி, அவற்றின் மேல் சம இடைவெளியில் கோடுகள் போடுகிறது. இதற்குப் பீட் கிரிட் என்று பெயர். சிங்க் பொருத்துவது இந்தக் கோடுகளை மட்டும். கோடு தப்பாக விழுந்திருந்தால், சிங்க் பரம விசுவாசமாகத் தப்பாகவே பொருத்தும்.

நம் பாட்டுகளில் இது அடிக்கடி நடக்கும். குத்துப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல குத்துப் பாட்டுகளின் நடை திஸ்ரம், 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாக ஓடும். கால் தட்டும் அடி நிமிடத்துக்கு 96 என்று வையுங்கள். உள்ளே ஓடும் சிற்றடிகள் 288. இந்த மென்பொருள்கள் நான்கு நான்காக ஓடும் ஆட்டப் பாட்டுக்கென்றே வளர்ந்தவை. ஆகவே சில சமயம் சிற்றடிகளை இரண்டிரண்டாகக் கூட்டி 144 என்று எழுதிவிடும். திரையில் 144 என்று காட்டும். பிள்ளையின் கால் 96-ஐத் தட்டும். சிங்க் போட்டால் இரண்டு பாட்டும் அடித்துக்கொள்ளும். மென்பொருள் கெட்டுப்போச்சு என்று தோன்றும்.

மருந்து எளிது. கையால் தட்டி எண்ணிப் பாருங்கள். 15 விநாடியில் 24 தட்டு வந்தால், நான்கால் பெருக்கி 96. மிக்ஸ்ஸ் என்ற இலவச மென்பொருளில் (ஆங்கிலத்தில் தேடும்போது பெயரின் கடைசியில் மூன்று எக்ஸ்) பாட்டின் பெயர் மேல் வலது கிளிக் செய்தால் பி.பி.எம்.-ஐப் பாதியாக்க, இரட்டிப்பாக்க, மூன்றில் இரண்டாக்க வழி இருக்கும். 144-இல் மூன்றில் இரண்டு 96.

வேகத்தைக் காட்டும் கிளிக் ஓசை காதில் இல்லாமல், வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசித்த பழைய பாட்டுகளில் வேறு சிக்கல். காலப்பிரமாணம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், அழகே அதில்தான். சம இடைவெளிக் கோடுகள் பல்லவியில் பொருந்தி, சரணத்தில் விலகிப்போகும். மிக்ஸ்ஸின் அமைப்புகளில், பீட் கண்டறியும் பகுதியில், வேகம் மாறாது என்று வைத்துக்கொள்ளும் தேர்வை எடுத்துவிட்டு அந்தப் பாட்டை மறுபடி அலசச் சொன்னால் ஓரளவு சரியாகும். இல்லாவிட்டால் முன்னிசையிலோ கடைசியிலோ மட்டும் சிறிது நேரம் கலக்கச் சொல்லுங்கள்.

சுருக்கமாக: சிங்க் கோடுகளைப் பொருத்தும், கோடு சரியா என்று பார்ப்பது காதின் வேலை.

ஒரு காதில் அடுத்த பாட்டு

அடுத்த பாட்டைச் சபைக்குக் கேட்காமல் ஹெட்போனில் மட்டும் கேட்டுத் தயார் செய்வதற்கு 'க்யூ' என்று பெயர். இதற்கு இரண்டு தனித்தனி ஒலி வழிகள் வேண்டும். சாதாரண லேப்டாப்பில் இருப்பது ஒன்று. பலர் மென்பொருளை ஏற்றிவிட்டு, ஹெட்போனிலும் ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருகிறதே என்று விழிப்பது இதனால்தான். மலிவான வழி, டிஜே ஸ்ப்ளிட்டர் கேபிள். ஸ்டீரியோவின் இடப்பக்கத்தை ஒரு துளைக்கும் வலப்பக்கத்தை மற்றொன்றுக்கும் பிரித்து அனுப்பும். கடையில் கிடைக்கும் சாதாரண 'ரெண்டு ஹெட்போன்' ஸ்ப்ளிட்டர் இதைச் செய்யாது. அது ஒரே ஒலியை இரண்டு பேருக்குக் கொடுப்பது. தட்டும் தள்ளுகோலும் உள்ள கன்ட்ரோலர் பெட்டி வாங்குவதானால், உள்ளேயே சவுண்ட் கார்டும் ஹெட்போன் துளையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சாம்பாரும் சமையல் குறிப்பும்

இனி சமையற்கட்டுக்குள் போவோம். டா மென்பொருளில் இரண்டு வகைச் சரக்கு ஓடும்.

ஒன்று ஆடியோ, பதிவான ஒலி. கொதித்து இறக்கிய சாம்பார் மாதிரி. அளவைக் கூட்டலாம் குறைக்கலாம், போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. இப்போது பல மென்பொருள்கள் முடிந்த பாட்டிலிருந்து குரலையும் டிரம்ஸையும் பிரித்துத் தருகின்றன, உண்மைதான். அது சாம்பாரிலிருந்து உருளைக்கிழங்கை எடுப்பது. கிழங்கு வரும், சாம்பார் வாசனையோடு வரும்.

மற்றது மிடி. 1983-இல் வந்த பொது மொழி இது. மிடியில் ஒலியே கிடையாது, கட்டளைதான் இருக்கும்: இந்தச் சுரத்தை இப்போது அழுத்து, இவ்வளவு பலமாக, இப்போது விடு. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண். பியானோவின் நடு 'சி' 60. இதுதான் சமையல் குறிப்பு. வீணையை எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் என்று மாற்றினால் அதே மெட்டு குழலில் வரும். தப்பான சுரத்தைச் சுட்டியால் இழுத்துச் சரியான இடத்தில் வைக்கலாம். பிள்ளை தொடங்க வேண்டியது மிடியில். தவறைத் திருத்த மறுபடி முழுதாக வாசிக்க வேண்டியதில்லை.

மிடியை எழுதும் கட்டத் திரைக்குப் பியானோ ரோல் என்று பெயர். டிரம்ஸுக்கு அதைவிட எளிய வடிவம், 16 கட்டங்கள் கொண்ட ஸ்டெப் வரிசை. நான்கு அடி, ஒவ்வொரு அடிக்குள்ளும் 'தகதிமி' என நான்கு. 'டும்' என்று விழும் பெரிய டிரம்மான கிக் 1, 5, 9, 13-இல். கைத்தட்டு 5, 13-இல். 'ட்ஸ்' என்று ஒலிக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட் 3, 7, 11, 15-இல். வேகம் 120. இவ்வளவு போட்டாலே ஆட்ட பீட் ஒன்று ஓடத் தொடங்கிவிடும். பிறகு 13-இல் இருக்கும் கிக்கை எடுத்து 11-இல் வைக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு கட்டம் இடம் மாறி நடையே மாறுவதைக் கேட்கும் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இங்கேதான் மென்பொருளுக்கு வைக்க வேண்டிய சோதனையும் இருக்கிறது: இதில் 'தகிட' போட முடியுமா? 16 கட்டத்தை மாற்றவே விடாத செயலிகள் உண்டு. அவற்றில் ஒரு குத்து பீட் கட்ட முடியாது. கட்டத்தை 12 ஆக்கவோ 'டிரிப்லெட்' என்று மாற்றவோ வழி இருக்க வேண்டும். குவாண்டைஸ் என்றொரு வசதியும் உண்டு. தள்ளி விழுந்த சுரத்தைப் பக்கத்துக் கோட்டுக்கு இழுத்துவிடும். 16 கட்டம் போட்டிருக்கும்போது திஸ்ர நடையில் வாசித்துவிட்டுக் குவாண்டைஸ் அழுத்தினால், சரியாக வாசித்ததைக்கூடத் தப்பான கோட்டுக்கு இழுத்து நொண்டவைக்கும். பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள்: கமகம் எங்கே? பியானோ ரோலில் சுரங்கள் செங்கல் செங்கலாக நிற்கும். வளைக்கும் வசதி உண்டு, ஆனால் தொடக்க நிலையில் அது வெட்டி வேலை. அந்த வரியைப் பாடிப் பதிவு செய்துவிடலாம்.

குடம் சின்னதா, பெரிசா

"தட்டினா லேட்டா கேக்குது." இது அதிகம் வரும் புகார், பழி மென்பொருளுக்குப் போகும். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக அனுப்புவதில்லை, குடம் நிரம்பியதும் தூக்கிப் போகிறது. அந்தக் குடத்துக்கு பஃபர் என்றும், காத்திருக்கும் நேரத்துக்கு லேட்டன்ஸி என்றும் பெயர். விநாடிக்கு 44,100 ஒலித் துணுக்குகள் ஓடும்போது, குடத்தின் அளவு 256 என்றால் சுமார் 6 மில்லிவிநாடி. 1024 என்றால் சுமார் 23. பாடிப் பதிவு செய்தால் போக, வர என்று இது இரட்டிப்பாகும். குடத்தைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும், ஆனால் குழாயடிக்கு நடை அதிகம். பழைய லேப்டாப் மூச்சு வாங்கி ஒலியில் படபட என்று வெடிப்பு கேட்கும். வாசிக்கும்போது 256, எல்லாம் முடிந்து கலக்கும்போது 1024 என்று மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸில் ஏசியோ வகை டிரைவர் (தாமதத்தைக் குறைக்கவென்றே உள்ள ஒலி இணைப்பு மென்பொருள்) போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும்.

புளூடூத் ஹெட்போனில் மட்டும் வேண்டாம். அதன் தாமதம் நூறு மில்லிவிநாடிக்கு மேலே போவது சாதாரணம். சினிமா பார்க்கும்போது செயலி படத்தையும் தாமதித்து ஈடுகட்டிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. தாளம் தட்டும் பிள்ளைக்கு ஈடுகட்ட வழியே இல்லை. வயர் உள்ள ஹெட்போன் போதும்.

வீட்டில் எந்தக் கருவி இருக்கிறது?

ஆறு ஏழு வயதுக்கு எதையும் ஏற்ற வேண்டாம். கூகுளின் குரோம் மியூசிக் லேபில் 'சாங் மேக்கர்' என்ற பக்கம் உலாவியிலேயே ஓடும், கணக்குத் தொடங்கச் சொல்லாது. அமைப்பில் பென்டாடோனிக் என்று தேர்ந்தெடுத்தால் கிடைக்கும் ஐந்து சுரங்கள் நம் மோகனத்தின் சுரங்கள். எதைத் தொட்டாலும் காதுக்கு இடறாது. ஓர் அடியை மூன்றாகப் பிரிக்கவும் அங்கே வழி உண்டு.

ஐபேடோ மேக்கோ இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம், தயாரிப்புக்கு வேறெதுவும் தேட வேண்டாம். டிஜே பக்கத்துக்கு டிஜே என்ற பெயரிலேயே (ஆங்கிலத்தில் djay) அல்கோரிடிம் நிறுவனத்தின் செயலி இருக்கிறது. அடிப்படை இலவசம், மீதி சந்தா. ஆண்ட்ராய்டு போன் அல்லது சாதாரண விண்டோஸ் லேப்டாப் என்றால் தயாரிப்புக்கு பேண்ட்லேப், டிஜேக்கு லேப்டாப்பில் மிக்ஸ்ஸ். பேண்ட்லேப் உலாவியிலும் ஓடும். செய்தது இணையத்தில் சேமிப்பாவதால் போனில் தொடங்கி லேப்டாப்பில் தொடரலாம். ஆனால் அது ஒரு சமூக வலைத்தளமும்கூட. முன்பின் தெரியாதவர்கள் கருத்துப் போடக்கூடிய இடம். சிறு பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கும் முன் வயது விதியைப் படியுங்கள். மிக்ஸ்ஸ் லேப்டாப்புக்கு மட்டும், போனில் ஓடாது.

பதின்மூன்று வயதுக்கு மேல், தினமும் உட்காரும் பிள்ளைக்குத்தான் எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ் போன்ற டா மென்பொருள்கள். எஃப்எல் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பில் ஒரு பொறி இருக்கிறது: செய்ததைச் சேமிக்கலாம், ஆனால் காசு கொடுத்து வாங்கும் வரை மறுபடி திறக்க முடியாது. மூன்று நாள் உழைத்த பீட் பூட்டிக்கொண்டால் அழுகைதான் மிச்சம். ஏபிள்டனின் சோதனைப் பதிப்பு 30 நாள். முழுக்க இலவசமான எல்எம்எம்எஸ் பீட் கட்ட நல்லது, ஆனால் அதன் 1.2 பதிப்பில் குரல் பதிவு கிடையாது. விர்ச்சுவல் டிஜே வீட்டில் சுட்டியால் ஓட்ட இலவசம்; கன்ட்ரோலரை இணைத்ததும் பொதுவாக உரிமம் கேட்கும்.

பாட்டி போனில் திறக்காத கோப்பு

பிள்ளை தன் முதல் பீட்டை வாட்ஸ்அப்பில் பாட்டிக்கு அனுப்பும், அங்கே திறக்காது. அனுப்பியது புராஜெக்ட் கோப்பு, அதாவது பாத்திரம் பண்டத்தோடு முழுச் சமையற்கட்டு. அனுப்ப வேண்டியது எக்ஸ்போர்ட் செய்த பொட்டலம். வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, 128 தர எம்பி3 என்றால் சுமார் 1 எம்பி. புராஜெக்டையும் அழிக்காமல் வைத்திருங்கள், திருத்துவதற்கு அதுதான் வேண்டும். ஸ்ட்ரீமிங் செயலிக்குள் 'டவுன்லோட்' செய்த பாட்டுகள் டெக்கில் ஏறாது. அவை பூட்டிய கோப்புகள், வேறு செயலி திறக்க முடியாது. பிறர் பாட்டுகளைக் கலந்து யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரல் வரும். வீட்டுக்குள் பழகுவது வேறு, ஊருக்குப் போடுவது வேறு.

ஒலியளவையும் பாருங்கள். குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. டிஜே பழகும் பிள்ளை ஒரு காதை மூடி ஸ்பீக்கரையும் மீற ஹெட்போனைக் கூட்டிக்கொண்டே போகும். ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டால் ஹெட்போன் தானாகக் குறையும்.

டிஜேயில் தொடங்கிய பிள்ளையை எப்போது சமையற்கட்டுக்குள் விடலாம் என்று கேட்பார்கள். "இந்த இடத்துல டிரம்ஸ் வேற மாதிரி இருந்தா நல்லா இருக்கும்" என்று அது ஒரு நாள் சொல்லும். அன்றைக்கு மிக்ஸ்ஸிலேயே பதிவு பொத்தானை அழுத்தி அந்த 32 அடியை எடுத்துக்கொள்ளுங்கள். பேண்ட்லேபில் புதிய புராஜெக்ட் திறந்து, வேகத்தை மிக்ஸ்ஸ் காட்டிய அதே எண்ணில் வைத்து, பதிவான கோப்பை முதல் வரிசையில் போட்டு, முதல் அடி முதல் கோட்டில் விழும்படி நகர்த்துங்கள். கீழே ஒரு காலி டிரம் வரிசை. மிச்சத்தைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.